சூனாபட்டிக்கும் குர்லாவுக்கும் இடையில்

போன திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம், மாடியில் ஒரு சின்ன லேப். அங்கே இருந்த பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அது உன் வாடை. சாயங்கால லோக்கல் ரயிலில் ஜி.டி.பி. நகரில் உனக்கு முன்னால் ஏறுகிற வாடை. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் உன் விரல் இடுக்கில் தங்கியிருக்கும். அதை மறைக்க நீ ஒரு முழம் மல்லிகைப்பூவிலிருந்து இரண்டு மொட்டைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு வருவாய். இரண்டு வாடையும் சேர்ந்து அடிக்கும்.

"டர் லக்தா ஹை க்யா, ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஊசிக்குப் பயமில்லை என்று தலையசைத்தேன். ஆனால் நான் கையை இழுத்துவிட்டதில் அவளுக்கு இரண்டாவது குத்தில்தான் நரம்பு அகப்பட்டது. வீட்டுக்கு வந்து கடைக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்தபோதுகூட மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுச் சும்மாதான் நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நான் செம்பூரில் ஏறி மஸ்ஜித்தில் இறங்குகிறவள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக வேலை. நீ கோவண்டியில் ஏறி ஜி.டி.பி. நகரில் இறங்குகிறவள். ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஒரே வண்டி, ஒரே லேடீஸ் டப்பா, பெண்கள் பெட்டி. இரண்டு வருஷமாக முகம் தெரியும், பெயர் தெரியாது. கூட்டத்தில் உன் முழங்கை என் விலாவில் இடித்திருக்கிறது. என் குடைக் கம்பி உன் துப்பட்டாவைக் கிழித்திருக்கிறது. அவ்வளவுதான் நம் பழக்கம்.

அன்று திலக் நகர் தாண்டியதும் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நீ கையை நீட்டி, "இத ஒரு நிமிசம் தாரியளா?" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தமிழ் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். நான் போனில் என் மகனைத் திட்டுவதை நீ ஆறு மாதமாகக் கேட்டு வந்திருக்கிறாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரப்பர் பேண்டை உன் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டினாய். கையை மூடினாய். திறந்தாய். அது மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவியிருந்தது. நான் உன் மணிக்கட்டைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பத்தாவது படிக்கிற மகன் இருக்கிறான். தலைமுடி விரிந்து கிடக்க, முன்பின் பேசாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

இன்னொன்று செய்து காட்டும்படி கேட்டேன். நீ சிரித்தாய். "இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு புள்ள கையக் கடிச்சி வச்சிட்டு. அதுக்காவப் படிச்சேன்." கையைத் திருப்பிக் காட்டினாய். கட்டைவிரலுக்குக் கீழே குழந்தைப் பல் நாலு, வரிசையாகப் பதிந்து கன்றியிருந்தது. ஊசியைக் கண்டதும் அலறுகிற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்தாயாம், பொம்மை காட்டிப் பார்த்தாயாம். ஒன்றும் எடுபடவில்லை. கடிபட்ட ராத்திரி போனில் எதையோ தேடப்போய், கைவித்தை காட்டுகிற ஒருவனின் வீடியோ வந்திருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து கற்றோம். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம், அதுவும் பாதி நாள் நின்றுகொண்டு. உன் போனைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, விரல் போகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். சாமான் ஒன்றும் வாங்கவில்லை. ஊக்கு, கைக்குட்டை, ஹேர்பின், பாட்டில் மூடி, வேர்க்கடலை மடித்த காகிதம். உன் விரல்கள் மெலிசு. நரம்பைத் தடவித் தேடிப் பழகியவை, சொன்ன இடத்தில் நிற்கும். என் விரல்கள் தடித்தவை, எதைப் பிடித்தாலும் தெரிந்துவிடும். ஆனால் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் எப்போது என்னைப் பார்க்கிறார்கள், எப்போது தங்களைப் பார்க்கிறார்கள், எந்த நொடியில் பார்வை நழுவுகிறது என்பது எனக்குத் தெரியும். அதுதானே என் பிழைப்பு. "கை என்னுது, கண்ணு ஒன்னுது" என்று நீ பாகம் பிரித்தாய்.

முதல் மூன்று மாதம் தோல்விதான். ஊக்கு கைக்குட்டையைக் கிழித்தது. பாட்டில் மூடி உருண்டு யாரோ ஒருத்தியின் மீன் கூடைக்குள் போயிற்று. டப்பாவில் நம் பக்கத்து இருக்கைக்காரி லலிதா தாயிக்குக் கழுகுக் கண். முனிசிபல் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிற மராட்டிக்காரி; தாயி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. "உஸ் ஹாத் மே ஹை" என்று எடுத்ததும் சொல்லிவிடுவாள், அந்தக் கையில் இருக்கிறது என்று. நீ அசரமாட்டாய். மறுநாள் காலை மறுபடி ஆரம்பிப்பாய்.

ரப்பர் பேண்டை அறுத்து நீளமாகச் சாய்த்துப் பிடித்து, அதில் உன் கல்யாண மோதிரத்தைக் கோத்து, அது தானாகவே மேலே ஏறிய நாள் நினைவிருக்கிறதா? மழையில் வண்டி குர்லாவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நாற்பது பெண்கள் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படி என்று எனக்குத் தெரியும். ரப்பர் சுருங்குகிறது, மோதிரம் அதோடு போகிறது, அவ்வளவுதான். தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு சனிக்கிழமை உன் கண்ணாடியின் கம்பியைச் சரிசெய்து கொடுக்க உன் லேபுக்கு வந்தேன். அப்போது ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். வாசலிலேயே கதற ஆரம்பித்துவிட்டது. நீ அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் ரப்பர் பேண்டைத் தாவவிட்டாய். மூன்றாவது தடவை கதறல் நின்றது. ரப்பர் பேண்டை அதன் இடது கையில் மாட்டி, நீ செய் பார்க்கலாம் என்றாய். அது தன் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலது கையில் ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் நிறைகிறது. குழந்தை மற்றக் கையைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு உள்ளங்கால் கூசியது. ஒருவரிடமிருந்து அவர் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

திரும்பும்போது இதை உன்னிடம் சொன்னேன். "வலி எங்கயும் போவாதுட்டி. கவனம்தான் போயிருது" என்றாய்.

இப்போது அந்த மயக்கத்துக்கு வருகிறேன்.

அது என் யோசனை. நீ இருந்தவரை உன் வீட்டில் யாருக்கும் இது தெரியாது, அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன். லலிதா தாயி ஒவ்வொரு தடவையும் உன் கையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்து உன்னிடம் சொன்னேன்: "பொருள மறைக்கிற நேரத்துல நீ மயங்குற மாதிரி என் மேல சாயி. எல்லாரும் ஒன் மூஞ்சியத்தான் பாப்பாளுவ. கைய எவ பாப்பா?"

உனக்கு அது பிடிக்கவில்லை. சீக்கு வருகிற மாதிரி நடிப்பது நல்லதல்ல என்றாய். நான் விடவில்லை. மூன்று நாள் நச்சரித்த பிறகு செய்தாய். பாட்டில் மூடி கையில் இருக்கும்போதே கண் செருகி என் தோளில் விழுந்தாய். டப்பா முழுக்க எழுந்து நின்றுவிட்டது. ஒருத்தி தண்ணீர் எடுக்கிறாள், ஒருத்தி விசிறுகிறாள். நீ கண்ணைத் திறந்து வெறும் கையை விரித்துக் காட்டினாய். மூடி லலிதா தாயியின் மடியில் கிடந்தது. அவள் உன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்றோ நான்கோ தடவை அதே மயக்கம். நீ சாய ஆரம்பித்ததுமே சிரிப்பு கிளம்பிவிடும். முதலில் கைதட்டுவது நான். கூட்டாளி அல்லவா.

மே மாதக் கடைசி சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை இருக்கும். காற்றே இல்லை. ஜி.டி.பி. நகரில் நீ ஏறினாய். கழுத்தெல்லாம் வியர்வை. உன் முகத்தைப் பார்த்து லலிதா தாயி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். காலையிலிருந்து தோள்பட்டை கடுக்கிறது என்றாய். தினமும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தால் கடுக்காமல் என்ன செய்யும் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஜன்னலோரம், நீ பக்கத்தில், என் மடியில் என் பை.

"இன்னைக்கி இவளுவள இல்ல. ஒன்னத்தான் ஏமாத்தப் போறேன்" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வித்தையில் எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னாய். வருஷக்கணக்கில் கழற்றாத மோதிரம். எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிக் கொடுத்தேன். வண்டி சூனாபட்டியில் நின்று கிளம்பியது. நீ மோதிரத்தை வலது கையில் வைத்து மூடினாய். உன் இரண்டு கையையும் விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். வலது கையை விரித்தாய், இல்லை. இடது கையை விரித்தாய், அதிலும் இல்லை. உன் சட்டைக் கையைத் தடவினேன், துப்பட்டாவை உதறினேன், உன் மடியைப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. லலிதா தாயி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"தேடு" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. உன் தலை என் தோளில் வந்து சாய்ந்தது.

நான் கைதட்டினேன்.

நான் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள். "ஃபிர் சே நாடக்" என்றாள் லலிதா தாயி, மறுபடியும் நாடகமா என்று. சரி, போதும், எழுந்திரு, தோள் வலிக்கிறது என்று நானும் சொன்னேன். நீ அசையவில்லை. இன்றைக்கு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? இதுதான் சமயம் என்று உன் கையை எடுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தேடினேன். உயிர் போய்க்கொண்டிருந்த கையில் நான் மோதிரம் தேடிக்கொண்டிருந்தேன்.

குர்லாவில் வண்டி பிரேக் பிடித்தபோது நீ முன்னால் சரிந்தாய். உன் கண்ணாடி கழன்று தரையில் விழுந்தது. உன் கை அதன் பின்னால் போகவில்லை. இருபது வருஷமாக நான் பார்த்துவருகிறேன். கண்ணாடி நழுவினால் யாருக்கும் கை தானாக முகத்துக்குப் போகும். தூங்குகிறவருக்கும் போகும், நடிக்கிறவருக்கும் போகும். உன் கை போகவில்லை. அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ சங்கிலியை இழுத்தார்கள். நாலு பெண்கள் உன்னைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் இறக்கினோம். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆம்புலன்ஸில் உன் செருப்பு ஒன்று என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இளவயது டாக்டர் ஒருவர் ஓடிவந்து, எப்போதிலிருந்து நினைவில்லாமல் இருக்கிறார் என்று கேட்டார்.

"குர்லா மே. அபீ" என்றேன். குர்லாவில்தான், இப்போதுதான்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம் என்று அந்த இடத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷத்தில் அவர் திரும்பி வந்து, மாரடைப்பு என்று கையை விரித்தார்.

உன் வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் தோளில் மாட்டியபடியே வேலையிலிருந்து நேரே வந்தார். ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் உன் கல்யாண மோதிரம், கம்மல், வாட்ச், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டு உன் மகள் ஜெனியிடம் கொடுத்தாள். என் மோதிரம் அதில் இல்லை. இழவு வீட்டில் மோதிரத்தைப் பற்றி எப்படிக் கேட்பது? அந்தக் களேபரத்தில் எங்கேயோ நழுவிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அடக்கத்துக்கு லலிதா தாயியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். லலிதா தாயி என் பக்கத்தில்தான் நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறு வாரத்திலிருந்து நான் முந்தைய வண்டிக்கு மாறிவிட்டேன். அவளும் மாறிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த டப்பாவில் நம் மூலை கலைந்துபோனது.

ஜூனில் முதல் மழை ஒரு சாயங்காலம் வந்தது. செம்பூர் ஸ்டேஷன் பாலத்திலிருந்து இறங்குகிற படியில் கூட்டம் தேங்கி நின்றது. பையிலிருந்து மடக்குக் குடையை எடுத்து விரித்தேன். மே மாத நடுவில் பையில் வைத்த குடை, அதுவரை விரிக்கவே இல்லை. ஏதோ ஒன்று என் கால் பெருவிரலில் விழுந்து, படியில் டிங் டிங்கென்று உருண்டது. கீழே நின்ற ஒரு காலேஜ் பெண் குனிந்து எடுத்து, "ஆன்ட்டி, ஆப்கா ரிங்" என்று நீட்டினாள்.

என் மோதிரம். உள்பக்கம் என் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து.

நனைந்த படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கியது, ஒருத்தி திட்டிவிட்டுப் போனாள். நீ எப்போது போட்டாய்? குடை என் பையில் இருந்தது, பை என் மடியில் இருந்தது, நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் என்னுடையது என்று பாகம் பிரித்திருந்தோமே. அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்திருக்கிறது. மோதிரம் குடைக்குள் போனதும் தெரியவில்லை, நீ போனதும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கோவண்டிக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். ஜெனி மட்டும் இருந்தாள். மோதிரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, குடையிலிருந்து விழுந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"வேலை செஞ்சிருச்சா" என்றாள். பிறகுதான் அழுதாள்.

நீ இரண்டு வாரம் அவள் குடையை வைத்து வீட்டில் பழகியிருக்கிறாய். அவள் என்னைப் போல உட்கார வேண்டும், பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உன் தோள் அவள் தோளில் இடிக்கிற நொடியில் மோதிரம் குடையின் மடிப்புக்குள் போய்விட வேண்டும். முப்பது தடவைக்கு ஒரு தடவைகூட அவள் கண்டுபிடிக்காத நாளில்தான் உனக்கு நம்பிக்கை வந்ததாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மயங்கி விழுவது எந்த இடத்தில் வரும் என்று.

"மயக்கமா? அதுல மயக்கமே கெடையாது, ஆன்ட்டி" என்றாள். "நீங்க தேடுவீங்க. கெடைக்காது. அப்பறம் அம்மா, 'மழ வருது, கொடைய விரி'ன்னு சொல்லணும். மே மாசத்துல. அதான் ட்ரிக்கே."

எனக்கு அதுவரை மனதின் ஓரத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. நீ முதலில் நடிக்கத்தான் சாய்ந்தாய், நடிப்புக்கு நடுவில்தான் உண்மையிலேயே ஏதோ நடந்துவிட்டது, அதனால் முதலில் நான் கைதட்டியது தப்பில்லை என்று. அதுவும் போயிற்று. நீ சாய்ந்த முதல் நொடியே உண்மை. நான் கொடுத்த மயக்கத்தை நீ எப்போதோ விட்டுவிட்டாய். நான்தான் விடவில்லை.

அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோசனை யாருடையது, யார் முதலில் கைதட்டியது, நான் உன் விரல்களை விரித்தது, டாக்டரிடம் சொன்ன பொய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள்.

"சூனாபட்டிலருந்து குர்லா."

அவள் இந்த ஊரில் பிறந்தவள். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு எத்தனை நிமிஷம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே, "டாக்டர்கிட்ட சொல்லிருக்கலாம்ல ஆன்ட்டி" என்றாள். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்தும் போகவில்லை. அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். மிஞ்சிய பாலில் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தோம். கிளம்பும்போது, அம்மா முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டாள். சிரித்துக்கொண்டிருந்தாய் என்று சொன்னேன். என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இருந்தாய் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தாமல் நான் தெருமுனை திரும்பும் வரை நின்றாள்.

உன் வீட்டுக்காரர் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகு நின்று, "அவ ஒங்களப் பத்தித்தான் எப்பமும் பேசுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தார், அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கடைக்கு இருதய டாக்டர் ஒருவர் கண்ணாடி மாற்ற வருவார். வேறு யாருக்கோ நடந்த மாதிரி அவரிடம் கேட்டேன். முதல் சில நிமிஷங்கள் முக்கியம்தான் என்றார். ஆனால் ஓடுகிற வண்டியில், ஒன்றும் தெரியாத கூட்டத்தில், யார் என்ன செய்திருக்க முடியும் என்றும் சொன்னார். நான் ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சில நாள் அவர் சொன்னதில் முதல் பாதி காதில் கேட்கிறது, சில நாள் இரண்டாவது பாதி.

இதை உன் மகளிடம் காட்டப்போவதில்லை. காட்டினாலும் அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இது நமக்குள் இருக்கட்டும்.

வித்தை எதையும் நான் அதற்குப் பிறகு செய்யவில்லை. ஆனால் வேறொரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வண்டியில் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. வேலை முடிந்து களைத்து வருகிற பெண்கள், எல்லோரும்தான் தூங்குவார்கள். நான் அவர்கள் நெஞ்சைப் பார்க்கிறேன், ஏறி இறங்குகிறதா என்று. தெரியாவிட்டால் மணிக்கட்டைத் தொடுகிறேன். பலபேர் முறைத்திருக்கிறார்கள். ஒருத்தி பையை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள், திருடி என்று நினைத்து.

போன மாதம் என் பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஜி.டி.பி. நகர் தாண்டியதும் தூக்கத்தில் தலை சரிந்து என் தோளில் விழுந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு விழித்து, "க்யா ஹுவா, ஆன்ட்டி?" என்றாள். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் தலை மறுபடி என் தோளுக்கே வந்தது. இந்தத் தடவை எழுப்பவில்லை. அவள் மூச்சுக் காற்று என் கழுத்தில் படுவதை எண்ணிக்கொண்டு வந்தேன். குர்லா வந்தது, திலக் நகர் வந்தது. செம்பூரில் கதவருகே நின்றவர்கள் இறங்கினார்கள், நான் எழுந்திருக்கவில்லை. உன் கோவண்டியும் தாண்டியது. மான்குர்தில் அவள் தானாகவே விழித்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே நானும் இறங்கினேன். அவள் கூட்டத்தில் கலந்து, போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டு படியேறிப் போனாள். அவள் தலை மறையும் வரை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்க வண்டியைப் பிடிக்கப் போனேன்.